ஒன்பது கெல்வினில் ஒரு மேடு

ஸ்ரீரங்கம்
4 ஆகஸ்ட் 2024

முனைவர் மலர்க்கொடி அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன் இரண்டாம் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். இந்தப் பக்கம் என்னைப் பற்றியது, அவ்வளவு முக்கியமில்லை. அடுத்த பக்கம் உங்கள் சாம்பிளைப் பற்றியது.

'நீங்கள்' என்று எழுதும்போதே கை தயங்குகிறது. எம்.எஸ்ஸி. படித்த இரண்டு வருடமும் ஒரே ஹாஸ்டல் அறையில் வாடி, போடி என்று பேசிக்கொண்டவர்கள் நாம். ஆனால் நாலரை வருடத்துக்கு மேலாக உங்கள் போனுக்கு என் அழைப்பு போவதில்லை. மின்னஞ்சல்கள் எங்கே போகின்றன என்றே தெரியவில்லை. அதனால் தபால்.

ஜூன் மாதத்திலிருந்து இங்கேதான் இருக்கிறேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் இடத்தில் சொல்லிவிட்டு ஒரு வருடம் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். எனக்கு வேண்டியது காகிதமும் பேனாவும்தானே. உங்கள் கல்லூரிக்கு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் போதும் என்பது எனக்குத் தெரியும். தைரியம் இல்லை.

இரண்டாம் பக்கம்.

சாதாரண உலோகத்தில் ஒவ்வொரு எலெக்ட்ரானும் தனித்தனியாக ஓடும். நீங்கள் சுட்டெடுத்த சாம்பிளில், அந்த வில்லையில், அப்படி இல்லை. எலெக்ட்ரான்கள் கூட்டமாக, தனக்கென்று அடையாளமே இல்லாமல் நகர்கின்றன. அப்படிப்பட்ட உலோகத்தைக் குளிர்வித்தால் மின்தடை ஒரே நேர்கோடாக இறங்கும், கடைசி வரைக்கும் இறங்கும், அது ஒருநாளும் மின்தடையே இல்லாத மீக்கடத்தி ஆகாது என்று நான் எழுதினேன். நீங்கள் அளந்தபோது கோடு இறங்கியது. பதினெட்டு கெல்வினில் மட்டும் ஒரு சின்ன மேடு. தண்ணீர் உறையும் குளிரைவிட இருநூற்றைம்பது டிகிரிக்கும் அதிகமாகக் கீழே, நகத்தளவு மேடு.

போன மாதம் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். 2019-இல் ஒரு சமன்பாட்டில் 'இது மிகச் சிறியது, விட்டுவிடலாம்' என்று எழுதி ஒரு உறுப்பை அடித்திருக்கிறேன். அதை விடாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் ஆயிற்று. கோட்டில் ஒரு மேடு வருகிறது. பதினெட்டில்.

நான் வைக்கவில்லை, மலர். அதுவாக வந்தது.

அந்த மேடு அழுக்கு இல்லை. நான் சொன்னது தவறு. இன்னொன்றும் கணக்கில் வருகிறது: பாதி வெப்பநிலையில், அதாவது ஒன்பதில், இன்னொரு மேடு இருக்க வேண்டும். அதன் பாதியில், நாலரையில், மூன்றாவது. உங்களால் அளக்க முடியுமா?

மேகனா

---

பொன்மலை
13 ஆகஸ்ட் 2024

முனைவர் மேகனா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு பக்கமும் படித்தேன்.

'நான் சொன்னது தவறு' என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

2019 டிசம்பர். சென்னைக் கருத்தரங்கு. இருநூறு பேர். மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார், அந்த மேடு என்ன என்று. மைக் உங்கள் கையில் இருந்தது. நான் பக்கத்து நாற்காலியில். "அது சாம்பிளில் உள்ள அழுக்கு சார். லோக்கல் அடுப்பில் சுட்டால் அப்படித்தான் வரும்" என்றீர்கள். பின்னாலிருந்து ஒருவர், "மணப்பாறை முறுக்கு அடுப்பா?" என்றார். அரங்கம் சிரித்தது. என் அம்மா முறுக்கு சுட்டு என்னைப் படிக்க வைத்தார் என்பது அந்த அரங்கில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் சிரித்தார்.

அது அடுப்பு இல்லை. அரியமங்கலத்தில் சாரா பீவி அம்மாவின் பட்டறையில், ஆயிரத்து நூறு டிகிரியில் அரை டிகிரி கூட அலையாத உலை. கம்பிச்சுருளை அவர் கையாலேயே ஏழு முறை மாற்றிச் சுற்றினார். அதே வில்லையை நான் நாற்பத்தோரு முறை அளந்தேன். நாற்பத்தோரு முறையும் மேடு இருந்தது. இதை அன்றைக்கே நீங்கள் அறிவீர்கள்.

அடுத்த ஏப்ரலில் என் ஆய்வு நிதி விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் ஒரே வரி: சாம்பிளின் தூய்மை ஐயத்துக்குரியது.

இருநூறு பேர் முன்னால் சொன்னதைத் தபால் உறையில் ஒருவருக்கு மட்டும் திருப்பிச் சொன்னால் சரியாகிவிடுமா? யோசித்துப் பாருங்கள்.

என்னிடம் அப்போது இருந்த குளிர்விக்கும் கருவி பன்னிரண்டு கெல்வினுக்குக் கீழே போகாது. ஒன்பதை அதில் அளக்க முடியாது.

உங்கள் அம்மா தேறி வருகிறார் என்று நம்புகிறேன். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

மலர்க்கொடி

பி.கு.: ஒன்பதில் வரும் மேட்டின் உயரம் எவ்வளவு? அகலம் எவ்வளவு? அளக்கப் போவதில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

---

ஸ்ரீரங்கம்
18 ஆகஸ்ட் 2024

மலர்க்கொடி அவர்களுக்கு,

பி.கு.வை நாலைந்து முறை படித்தேன்.

உயரம்: முதல் மேட்டில் மூன்றில் ஒரு பங்கு. அகலம்: சரிபாதி. நடு உச்சி ஒன்பதுக்கும் ஒன்பது புள்ளி இரண்டுக்கும் இடையே. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அளந்தபின் நான் எண்ணை மாற்றிவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. முக்கியமாக நீங்கள்.

நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை. நானும் சிரித்தேன்.

ஒன்றை மட்டும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உங்களைத் தவிர யாருக்கும் முழுதாகப் புரியாது. அந்த உறுப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கருந்துளையிலிருந்து. இழைக் கோட்பாடு, அந்த ஸ்ட்ரிங் தியரி, நம் கையில் ஒரு அகராதியைக் கொடுத்திருக்கிறது. இடப் பக்கம் நம் உலகத்தைவிட ஒரு பரிமாணம் கூடுதலான உலகத்தில் ஒரு கருந்துளை. வலப் பக்கம் எலெக்ட்ரான் கூட்டம். அந்தக் கருந்துளையைச் சீண்டினால் அது அதிர்ந்து அடங்கும். எவ்வளவு நேரத்தில் அடங்கும் என்பதை அதன் வெப்பநிலை ஒன்றே முடிவு செய்கிறது. உங்கள் வில்லையில் எலெக்ட்ரான் கூட்டத்தைத் தள்ளிவிட்டால் அது அடங்கும் நேரமும் அதே கணக்கு, அதே எண். இத்தனை வருடம் இதைப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்பினேனா என்று கேட்டால், கணக்கு அழகாக இருந்ததால் நம்பினேன், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கருந்துளை பாதி பாதியாகத் தன்னையே திரும்பச் சொல்கிறது. பதினெட்டு, ஒன்பது, நாலரை. அதன் முதல் எண், நான் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே, ஒரு பட்டறை உலையில் சுட்ட கறுப்பு வில்லையில் நாலரை வருடமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. அதைத்தான் நான் அழுக்கு என்றேன்.

விடை வந்த அன்றைக்குக் காலையில் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து நின்றாள். "என்னடி, பேப்பரைப் பாத்து அழுதுண்டிருக்கே?"

"அழலைம்மா. கணக்கு சரியா வந்துடுத்து."

"சரியா வந்தா சந்தோஷப்படணும். யாருக்குச் சொல்லணுமோ அவாகிட்டப் போய்ச் சொல்லு."

அதனால்தான் முதல் கடிதம்.

மேகனா

---

பொன்மலை
2 அக்டோபர் 2024

மேகனா,

முதலில் ஒரு உண்மை. 'அப்போது இருந்த கருவி' என்றுதான் எழுதினேன். இப்போது இருப்பதைப் பற்றி எழுதவில்லை. நீ கவனிக்கவில்லை.

தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரை மூடினார்கள். நோயாளியைப் படுக்க வைத்து உள்ளே தள்ளிப் படம் எடுக்கும் பெரிய மெஷின் பழைய இரும்புக்குப் போகவிருந்தது. அதன் வயிற்றுக்குள் இருக்கும் காந்தமே மீக்கடத்திதான். அதை எப்போதும் நான்கு கெல்வினில் வைத்திருக்க ஒரு குளிர்விக்கும் தலை உண்டு. இரும்புக்காரர் அதைச் சுத்தியலால் தட்டிக் கழற்றப் போன நேரத்தில் நான் போய் நின்றேன். இது நடந்தது 2022-இல். அன்றிலிருந்து அதைச் சுற்றி ஒரு கருவி கட்டிக்கொண்டிருக்கிறேன். நிதி இல்லாமல், யாருக்கும் சொல்லாமல்.

என் கணவர் மாதவன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் சக்கரம் கடைபவர். உனக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் நேராக அரியமங்கலம் போய், சாரா பீவி அம்மாவின் லேத்தில் நின்று என் கருவிக்குக் காற்றுப் புகாத மூடிகள் கடைந்து கொடுத்தார். "சக்கரத்துல மயிரிழை பிசகினா தண்டவாளம் தாங்கிக்கும். உன் மூடி தாங்க மாட்டேங்குதே" என்பார். பதினோரு மூடி கசிந்தது. பன்னிரண்டாவதை சாரா பீவி அம்மா தானே கடைந்தார். விரல் நுனியால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நிக்கும், எடுத்துட்டுப் போங்க டாக்டரம்மா" என்றார். நின்றது.

நேற்று முன்தினம் காலை ஒன்பது மணிக்குக் கம்ப்ரசரைப் போட்டேன். 2019-இல் சுட்ட அதே வில்லை. பன்னிரண்டரை மணிக்கெல்லாம் பதினெட்டு கெல்வினைத் தாண்டியது. பழைய மேடு வந்து போனது, ஊர்க்காரரைப் பார்த்தது மாதிரி இருந்தது. உன் தனித் தாளில் இருக்கும் எண்களை நினைக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு. என் பழைய கருவி நின்றுவிடும் இடம். அதற்குக் கீழே இந்த வில்லை எப்படி இருக்கும் என்று எந்த மனிதருக்கும் தெரியாது. பத்து. கோடு நேராகவே போனது. ஒன்பது புள்ளி ஐந்து. கொஞ்சம் தூக்கியது. கம்ப்ரசரின் அதிர்வாக இருக்கும் என்று நினைத்தேன், அது அடிப்பது அளவியில் சில சமயம் தெரியும். ஒன்பது புள்ளி ஒன்றில் உச்சி. பிறகு இறங்கியது.

உயரம் மூன்றில் ஒரு பங்கு. அகலம் பாதி.

மேகனா, அதற்குக் கீழே போகாமல் கம்ப்ரசரை நிறுத்தினேன், பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். கேத்தரின் மிஸ் கெமிஸ்ட்ரி லேபிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மலர், உடம்பு சரியில்லையா?" என்றார். "நல்லாதான் இருக்கேன் மிஸ்" என்றேன். வேறு என்ன சொல்வது? அங்கே காவிரிக் கரையில் வீட்டில் உட்கார்ந்து ஒருத்தி, இல்லாத உலகத்துக் கருந்துளைக்குக் கணக்குப் போட்டாள். அந்த எண் என் வில்லைக்குள் இருந்தது. வில்லைக்கு உன் கணக்குத் தெரியாது. உனக்கு என் வில்லை தெரியாது, ஒன்பதில் அது என்னவென்று தெரியாது. பிறகு எப்படி?

இன்னும் கோபம் போகவில்லை. 'நீ' என்று எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த நேரமில்லை.

மலர்

---

ஸ்ரீரங்கம்
7 அக்டோபர் 2024

மலர்,

படித்து முடித்ததும் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். கருந்துளை விஷயமெல்லாம் விட்டுவிட்டு, "பன்னெண்டு மூடி கடைய வெச்சிருக்கா. எப்பேர்ப்பட்ட பொண்ணுடி" என்றாள்.

'பிறகு எப்படி' என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. அகராதி வேலை செய்கிறது என்று தெரியும். ஏன் வேலை செய்கிறது என்று யாருக்குமே தெரியாது. நேற்று மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது ராஜகோபுரம் தெரிந்தது, கொள்ளிடத்தின் பக்கமிருந்து காற்று வந்தது, நான் கையில் ஈரத்துணியோடு அசையாமல் நின்றுவிட்டேன். உலகம் இரண்டு இடத்தில் ஒரே வாக்கியத்தை எழுதி வைத்திருக்கிறது. அதில் ஒன்றை நீ படித்துவிட்டாய்.

கோபம் போகவில்லை என்றாய். போக வேண்டாம். நான் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்துக் கோபப்படு.

இத்தனை நாளாக, வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. மூன்றாம் வரிசையில் இருந்த பெரியவர் கேட்டதும் ஒரு நொடி யோசித்தேன். அடுத்த வாரம் ஜெர்மனியில் எனக்கு நேர்காணல். அவர்களுக்குப் பிடித்தது அந்த நேர்கோடு. மேடு உண்மை என்றால் என் கோடு அரைகுறை. நீ நாற்பத்தோரு முறை அளந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசித்துத்தான் சொன்னேன். அந்த வேலையில்தான் இன்றைக்கும் இருக்கிறேன்.

நாலரையில் மூன்றாவது மேடு இருக்கிறதா என்று பார்ப்பாயா? பார்க்க மாட்டேன் என்றால், ஏன் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

மேகனா

---

பொன்மலை
29 அக்டோபர் 2024

மேகனா,

போன கடிதத்துக்குப் பதில் பிறகு எழுதுகிறேன். எழுதுவேனா என்றும் தெரியவில்லை. மாதவனிடம் படித்துக் காட்டினேன். "இதை எழுதாமயே இருந்திருக்கலாம் அந்தம்மா. எழுதிருச்சே" என்றார். அவர் பாராட்டினாரா திட்டினாரா என்று கேட்கவில்லை.

இப்போது வேறு விஷயம். நாலரையில் மேடு இல்லை.

நாலரையில் எதுவுமே இல்லை. ஆறரையிலிருந்து எதுவும் இல்லை. மின்தடையே இல்லை.

ஏழு கெல்வின் வரைக்கும் உன் கோடு போனபடி போனது. ஆறு புள்ளி ஆறில் வழுக்கியது. ஆறு புள்ளி நான்கில் அளவி, பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாகச் சும்மா துடிக்கிறது. வில்லை மீக்கடத்தி ஆகிவிட்டது. ஒருநாளும் ஆகாது என்று நீ எழுதிய, உலகம் முழுக்க மேற்கோள் காட்டும் அதே வகை வில்லை.

இதை உனக்கு எழுத மூன்று வாரம் ஆனதற்குக் காரணம் பயம். கம்பி கழன்றிருக்கும் என்பாய், அழுக்கு என்பாய், கல்லூரி லேப் என்பாய். அதனால் நீ கேட்கக்கூடியதையெல்லாம் நானே முதலில் கேட்டேன். நான்கு கம்பிகளையும் பிடுங்கி வேறு இடத்தில் ஒட்டினேன். மின்னோட்டத்தைத் திசை மாற்றினேன். புதிதாகச் சுட்ட இரண்டு வில்லைகளை மாற்றி வைத்தேன். ஒன்பது முறை குளிர்வித்தேன். எல்லாவற்றிலும் ஆறரைதான்.

கடைசியாக, கம்பியே தொடாமல் ஒன்று செய்தேன். பக்கத்தில் ஒரு காந்தப்புலத்தை வைத்து, வில்லை அதை என்ன செய்கிறது என்று பார்த்தேன். ஏழில் உள்ளே விட்டது. ஆறில் வெளியே தள்ளிவிட்டது. கதவைச் சாத்தியது போல. அழுக்கு அப்படிச் செய்யாது, மேகனா. கழன்ற கம்பியும் செய்யாது.

இதை வெளியே சொன்னால் உன் கட்டுரை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உன்னைக் கேட்காமலே சொல்லிவிடலாம். நாலு வருடமாக இப்படி ஒரு நாளுக்குக் காத்திருந்தவள்தான் நான். வந்தபிறகு, உன் முகத்தை நினைத்தால் அது பிடிக்கவில்லை. அதற்கும் மேல், அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தபோது முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது தெரியுமா? அது எனக்கே எரிச்சலாக இருந்தது.

மலர்

---

ஸ்ரீரங்கம்
4 நவம்பர் 2024

மலர்,

உண்மையைச் சொல்கிறேன். 'மின்தடையே இல்லை' என்று படித்ததும் என் மனதில் முதலில் வந்தது 'கம்பி கழன்றிருக்கும்' என்பதுதான். அடுத்த பத்தியில் நீ அதை எழுதியிருந்தாய். வெட்கத்தில் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, அம்மாவுக்குத் தளிகை பண்ணி, பரிமாறி, பாத்திரம் தேய்த்துவிட்டுத்தான் மீதியைப் படித்தேன்.

நம்புகிறேன். காந்தப்புலத்தை வெளியே தள்ளியதால் மட்டுமில்லை. அளந்தது நீ என்பதால்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். என் சமன்பாட்டில் எந்த உறுப்பைச் சேர்த்தாலும் இது வரவில்லை. இந்த முறை நான் அடித்துப் போட்டது எதுவும் இல்லை. கோட்பாடு ஆறரை வரைக்கும் சரி, அதற்குக் கீழே தப்பு. அவ்வளவுதான்.

ஆனால் மலர், யோசித்துப் பார். மீக்கடத்தி என்றால் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர வேண்டும். இந்த வில்லையில் தனி எலெக்ட்ரான் என்று ஒன்று கிடையாதே! வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசலில் எப்படி நெருக்குவார்கள், அதில் உன் கால் உன் பேச்சைக் கேட்குமா? அப்படிப்பட்ட கூட்டம் அது. ஜோடி சேர ஆளே இல்லாத இடத்தில் எது எதோடு ஜோடி சேர்ந்தது? எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடத்தில், தெரியவில்லை என்று சொல்ல இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. என் கட்டுரை போனால் போகட்டும். இது இருக்கிறதே.

டிசம்பரில் அதே வருடாந்தரக் கருத்தரங்கு, இந்த முறை கொல்கத்தாவில். என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு ஏற்கெனவே கொடுத்துவிட்டேன், என் நேர்கோடு பற்றித்தான். தலைப்பை மாற்றப் போகிறேன். இருநூறு பேர் முன்னால் சொன்னதைப் பற்றி நீ ஆகஸ்டில் ஒரு கேள்வி கேட்டாயே, அதை மறக்கவில்லை.

அதற்கு முன்னால் ஒரே ஒருமுறை அந்தப் பூஜ்யத்தை நேரில் பார்க்க வரலாமா?

மேகனா

---

பொன்மலை
11 நவம்பர் 2024

மேகனா,

வா. அடுத்த மாதம் 9-ஆம் தேதி, காலை பத்து மணி. அதற்குள், மின்னோட்டத்தைச் சுற்ற விட்டுப் பார்க்க, வில்லையின் அதே கலவையில் ஒரு வளையம் அழுத்திச் சுட்டு வைக்கிறேன், மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வராதே, யாரையாவது கூட வைத்துவிட்டு வா.

என்ன பேசுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பேச வேண்டாம். கருவிக்கு முன்னால் இரண்டு ஸ்டூல் இருக்கிறது.

மலர்

---

கொல்கத்தா
18 டிசம்பர் 2024

மலர்,

முடிந்தது.

முதல் படமாக 2019 கிராஃபைப் போட்டேன். மேட்டைச் சுற்றி சிவப்பு வட்டம். "ஐந்து வருடத்துக்கு முன்னால் இது அழுக்கு என்று உங்களிடம் சொன்னேன். அழுக்கு இல்லை என்று அளந்தவர் நாற்பத்தோரு முறை காட்டியிருந்தார். தெரிந்தே பொய் சொன்னேன். அதனால் அவருடைய ஆய்வு நின்றது" என்றேன். இன்னும் எதற்காவது காத்திருப்பது போல எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அடுத்த படம் போட்டேன். உன் ஒன்பது. அதற்கடுத்தது உன் பூஜ்யம்.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்தார். "அப்படியென்றால் உங்கள் கோட்பாடு தவறா?"

"ஆறரைக்குக் கீழே தவறு."

"பதிலுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?"

"ஒன்றும் இல்லை. திருச்சியில் ஒரு வில்லை இருக்கிறது."

சிலர் வெளியே என்னைப் பார்த்தும் பார்க்காதது போல நடந்தார்கள். அது நியாயம்தான். அந்த மூன்றாம் வரிசைப் பெரியவர் இன்றும் வந்திருந்தார், இப்போது கைத்தடியோடு. என் அருகே வந்து, பூஜ்யத்தின் படத்தை லேப்டாப் திரையில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்த அம்மாவைப் பார்க்க நான் வரலாமா?" என்று கேட்டார். முகவரி எழுதிக் கொடுத்தேன்.

ஜெர்மனிக்கும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

இங்கே விருந்தினர் விடுதியில் மாத முடிவு வரை இருப்பேன். அந்த எலெக்ட்ரான் ஜோடி பற்றி இருவர் விடாமல் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். என் அத்தை வத்ஸலாவும் அம்மாவும் வீட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அல்லது சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

வளையம் எப்படி இருக்கிறது? அதை விட்டு வந்ததுதான் கஷ்டமாக இருக்கிறது.

மேகனா

---

பொன்மலை
27 டிசம்பர் 2024

மேகனா,

உன் எண்ணைத் திறந்துவிட்டேன், போன் செய்யலாம். ஆனால் இதைப் போனில் சொல்ல வராது.

கொல்கத்தாவிலிருந்து எனக்கு நாலு பேர் எழுதிவிட்டார்கள். நீ சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை. அம்மாவுக்கு மணப்பாறைக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்கு 2019 கதையை நான் இதுவரை சொன்னதே இல்லை, இப்போதுதான் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். "அந்தப் புள்ளை எல்லார் முன்னாடியும் சொல்லுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றார். நான் முழுதாக மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. கூட்டிக்கொண்டு போவேன்.

வளையம். நீ வந்த அன்றைக்கு வெளிச்சுருளில் மின்சாரம் விட்டு, வளையத்தை ஆறுக்குக் கீழே இறக்கி, நீ ஸ்விட்சை அணைத்தாய். வளையத்துக்குள் மின்னோட்டம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. பேட்டரி இல்லை, கம்பி இல்லை. அதன் காந்தப்புலத்தைக் காட்டும் காந்தமானி முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் இறங்கி, 41.2 காஸில் நின்றதை நீயே பார்த்தாய். காந்தமானியை மறுநாள் காலை பார்த்தேன், 41.2. கரண்ட் போனபோது ஜெனரேட்டருக்கு மாறிய அந்த நிமிடம் என் உயிர் போய்விட்டு வந்தது. 41.2. இன்றோடு பதினெட்டு நாள். நான் தினமும் எழுதுகிறேன், தினமும் ஒரே எண்.

இன்று மத்தியானம் மாதவன், சாரா பீவி அம்மாவை அழைத்து வந்தார். ஏழு வருடமாக என் உலைக்குக் கம்பி சுற்றுகிறார், மூடி கடைகிறார். அவற்றை வைத்து நான் என்ன செய்கிறேன் என்று அவர் பார்த்ததே இல்லை. நான் கூப்பிட்டதும் இல்லை, அது என் தப்பு. பன்னிரண்டாவது மூடியைக் கருவியில் காட்டினேன், தொட்டுப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன ஓடுது?"

"கரண்ட் ஓடுதுங்கம்மா. வளையத்துல சுத்திக்கிட்டே இருக்கு."

"எது ஓட்டுது?"

"எதுவும் ஓட்டல. பதினெட்டு நாளா அதுவா ஓடுது. தேயவே இல்லை."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார், நான் விளையாடுகிறேனா என்று. வாழ்நாள் முழுக்க மோட்டார் ஓட்டியவர். தேயாமல் ஒன்று ஓடும் என்பதை நம்ப அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொழுகைக்குப் போடுவது போல முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"ஏன் தேயல?"

"தெரியலைங்கம்மா. இந்த வில்லையில ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியல."

"அப்ப இது எப்ப நிக்கும்?"

"நாம நிறுத்தினாத்தான். திங்கக்கிழமை அடுத்த வில்லை வைக்கணும், அன்னிக்கு நிறுத்தணும்னு நெனைச்சிருக்கேன்."

அவர் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க டாக்டரம்மா" என்றார்.

மலர்